அனுமார் தாடையும் அக்காவுக்குச் சொன்ன ஊசியும்

தீர்த்தமலைக்கு ஒரு தடவையாவது வந்தவங்களுக்கு ராமர் தீர்த்தக் கதை தெரிஞ்சிருக்கும். வராதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். அரூர்ல இருந்து பஸ் ஏறினா அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும் எங்க ஊருக்கு. ராவணனை முடிச்சிட்டுத் திரும்பற வழியில ராமர் இங்க சிவபூஜை பண்ண நினைக்கிறார். காசியில இருந்து கங்கைத் தண்ணி கொண்டு வரச்சொல்லி அனுமாரை அனுப்பறார். அவர் வர லேட்டாகுது. பூஜை நேரம் தப்பக்கூடாதுன்னு ராமர் பாறையில அம்பு விட, தண்ணி பீறிட்டு வருது. அப்புறம் வந்து சேர்ந்த அனுமார், "நான் இவ்ளோ தூரம் போய் கொண்டு வந்தது வீணா?"ன்னு கோபத்துல அந்தத் தண்ணியை வீசி எறிய, அது போய் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில இருக்கிற அனுமந்தீர்த்தம். இது தலபுராணம். அருணகிரிநாதர் பாடின தலமும் கூட.

மலை மேல ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினின்னு பல தீர்த்தங்கள். இந்தத் தண்ணி குடிச்சா இந்த நோவு தீரும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பிக்கை. சின்ன வயசுல இருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனா இன்னிக்கு சொல்ல வந்தது தண்ணியைப் பத்தி இல்ல, கோபப்பட்ட அந்த அனுமாரோட பேரைப் பத்தி.

"ஹனு"ன்னா சமஸ்கிருதத்துல தாடை. சின்னப் புள்ளையா இருக்கும்போது சூரியனைப் பழம்னு நினைச்சு தாவினதால, இந்திரன் வஜ்ராயுதத்தால அடிச்சு, இடது தாடை உடைஞ்சு போச்சுன்னு வால்மீகி கிஷ்கிந்தா காண்டத்துல சொல்றார். அதனால வந்த பேருதான் அனுமான். ஆக, எங்க ஊரு புராணத்துல வர்றவரே ஒரு தாடைக் காயக்காரர் :-)

இந்தத் தாடை விஷயத்தை நான் தோண்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம் எங்க பெரியம்மா பொண்ணு. எனக்கு அக்கா முறை. மரவள்ளியும் கொஞ்சம் மஞ்சளும் போடற குடும்பம். வயசு நாற்பதுக்குள்ள. ரெண்டு வருஷமா காதுக்கு முன்னாடி வலி. மெல்லும்போது "டக்"குன்னு ஒரு சத்தம். காலையில எந்திரிச்சா வாய் இறுகிக் கிடக்கும். காதுல கோளாறோன்னு ஒரு டாக்டர், கடைவாய்ப்பல்லோன்னு இன்னொருத்தர். கடைசியில நகரத்துல ஒரு தனியார் கிளினிக்ல, "தாடை மூட்டுல குருத்தெலும்பு தேய்ஞ்சு போச்சும்மா, ரீஜெனரேட்டிவ் சிகிச்சை பண்ணலாம், உங்க ரத்தத்துல இருந்தே எடுத்து ஊசி போடுவோம், புதுசா வளர்ந்துடும்"னு சொல்லியிருக்காங்க. கேட்ட பணம் ஒரு போக மரவள்ளிக் காசு. அடுத்த கட்டமா ஸ்டெம் செல்லும் இருக்குதாம், அதுக்கு வேற ரேட்டு.

"தம்பி, நீதான் எப்பப் பாரு என்னத்தையாவது படிச்சிட்டு இருக்கியே, இதைப் போட்டுக்கலாமா வேண்டாமா, பாத்துச் சொல்லு. இல்லன்னா சங்கிலியை அடகு வைக்கணும்"னு அக்கா போன்ல கேட்டுச்சு. சங்கிலிங்கறது அதுக்கு அம்மா போட்டு அனுப்பினது. வழக்கமா நாம இங்க கல்வெட்டு, நடுகல், பழைய ரயில் பாதைன்னு பேசற ஆளுங்க. ஆனா இந்தக் கேள்விக்கும் ஒரு சரித்திரம் இருக்கு மக்களே. அதைத் தெரிஞ்சிக்காம பதில் சொல்ல முடியாதுன்னுதான் படிச்சேன். படிச்சதை உங்களோட பகிர்ந்துக்கறேன்.

முதல்ல மூட்டு. காதுக்கு ஒட்டி முன்னாடி விரலை வெச்சு வாயைத் திறந்து மூடுங்க. விரலுக்கடியில ஒண்ணு உருளுதுல்ல, அதுதான். கதவுக் கீல் மாதிரி முதல்ல சுத்தும், அப்புறம் டிராயர் மாதிரி முன்னாடி நழுவும். ரெண்டு வேலையும் ஒரே மூட்டு செய்யுது. இடது வலதுன்னு ரெண்டு மூட்டும் ஒரே எலும்புல மாட்டியிருக்கறதால ஒண்ணு தனியா அசைய முடியாது. நடுவுல ஒரு மெத்தை மாதிரி வட்டு இருக்கு. அந்த வட்டோட நடுப்பகுதிக்கு ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. முழங்கால்ல இருக்கற வழுவழு குருத்தெலும்பு வேற, இங்க இருக்கற நார் கலந்த குருத்தெலும்பு வேற. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்த மூட்டுக்கு வைத்தியம் பண்றது ரொம்பப் பழைய தொழில். எகிப்துல கி.மு. 1600 வாக்குல எழுதின பாப்பிரஸ் சுருள் ஒண்ணு இருக்கு, எட்வின் ஸ்மித் பாப்பிரஸ்னு பேரு. தாடை நழுவி வாய் மூட முடியாம போனவனுக்கு என்ன பண்ணணும்னு அதுல இருக்கு. ரெண்டு கட்டைவிரலையும் வாய்க்குள்ள விட்டு, மத்த விரல்களை மோவாய்க்கடியில பிடிச்சு, பின்னாடி தள்ளி உட்கார வைக்கணும். கிட்டத்தட்ட இதே கைப்பிடியைத்தான் இன்னிக்கும் அவசரப் பிரிவுல டாக்டர்கள் பயன்படுத்தறாங்க. கிரேக்கத்துல ஹிப்போகிரட்டிஸ் பேர்ல இருக்கற நூல்கள்லயும் இது வருது. நம்ம பக்கம் சுஸ்ருத சம்ஹிதையில "ஹனு சந்தி" விலகினா ஒத்தடம் கொடுத்து, சரியா உட்கார வெச்சு, ஐந்து வால் வெச்ச கட்டு போடச் சொல்றாங்க. அனுமார் பேர்ல இருக்கற அதே ஹனுதான்.

கவனிச்சீங்கன்னா, அந்தக் காலத்து ஆளுங்க யாரும் மூட்டைப் புதுசாக்கறேன்னு கிளம்பல. இடம் மாறினதை இடத்துல வெச்சாங்க, கட்டுப் போட்டாங்க, ஓய்வு குடுத்தாங்க. அவ்ளோதான்.

உள்ள கை வைக்கற காலம் 19-ம் நூற்றாண்டு கடைசியில வருது. 1887-ல எடின்பரோ அறுவை மருத்துவர் தாமஸ் அன்னண்டேல், விலகின வட்டைத் திரும்ப இழுத்துத் தைச்ச கதையை லான்செட்ல எழுதினார். அதுக்கப்புறம் 1934-ல ஜேம்ஸ் காஸ்டன். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் ஊர்க்காரர், காது மூக்கு தொண்டை டாக்டர். 11 நோயாளிகளைப் பார்த்துட்டு, காது அடைப்பு, தலைசுத்தல், தலைவலி எல்லாத்துக்கும் தாடை மூட்டுதான் காரணம், கடைவாய்ப்பல் போனதால கடி இறங்கி மூட்டு அமுங்குதுன்னு எழுதினார். வெறும் 11 பேர்! அவர் சொன்ன உடற்கூறு விளக்கத்தைப் பின்னாடி வந்தவங்க ஒத்துக்கல. ஆனா அந்த எண்ணம் போகல. பல வருஷம் பல்லை ராவுறது, கடியை உயர்த்தறதுன்னு நல்ல பல்லோட ஜனங்க நாற்காலியில உட்கார்ந்தாங்க. ராவின பல் திரும்ப வளராதுங்கறது நம்ம எல்லாருக்கும் தெரியும்.

அடுத்து வர்றதுதான் அக்காவோட ஊசிக்குத் தாத்தா. 1937-ல சிகாகோவுல லூயிஸ் ஷுல்ட்ஸ்னு ஒரு டாக்டர், அடிக்கடி நழுவற தாடை மூட்டுக்கு ஊசி போட ஆரம்பிச்சார். நல்லா இருக்கற இடத்துல வேணும்னே லேசா ஒரு எரிச்சலைக் கிளப்பினா, உடம்பு அந்த இடத்தைச் சரி பண்ண நார் போட்டுக் கட்டும், தளர்ந்த இணைநார் இறுகும்ங்கறது கணக்கு. அவர் பயன்படுத்தின மருந்து எதுல இருந்து வந்துச்சு தெரியுமா? நாம மலச்சிக்கலுக்குக் குடிக்கற இசப்கோல் விதை எண்ணெயில இருந்து! 1956-ல ஜார்ஜ் ஹேக்கட் இந்த முறைக்கு புரோலோதெரபின்னு பேர் வெச்சு புத்தகமே போட்டார். இப்ப அதுக்குக் குளுக்கோஸ் கரைசல் போடறாங்க. மூட்டு அளவுக்கு மேல தளர்ந்து, வாயைத் திறந்தா நழுவற கேஸுக்கு இது உதவுதுன்னு சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்லுது. அந்த "தளர்ந்து"ங்கற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கோங்க. இறுகிப்போன மூட்டுக்கு இறுக்கற ஊசி எதுக்கு?

இப்ப கதையோட கறுப்புப் பக்கம். 1983-ல அமெரிக்காவுல ஹூஸ்டன் நகர விட்டெக் கம்பெனி, தாடை வட்டுக்குப் பதிலா வைக்க டெஃப்லான் கலந்த ஒரு தகடு கொண்டு வந்துச்சு. ஆமாங்க, தோசைக்கல்லுல ஒட்டாம இருக்கப் பூசறாங்களே, அதேதான். ஏற்கனவே சந்தையில இருக்கற பொருளுக்கு இணையானதுன்னு காட்டி அரசு அனுமதி வாங்கியாச்சு. மனுசங்க மேல நீண்டகாலச் சோதனை கிடையாது. ஆயிரக்கணக்கான பேருக்கு வெச்சாங்க, பெரும்பாலும் பெண்கள். கொஞ்ச வருஷத்துல தகடு அரைபட்டுத் துகள் துகளா உதிர, உடம்பு அந்தத் துகளோட சண்டை போட ஆரம்பிச்சுது. அந்தச் சண்டையில பக்கத்து எலும்பும் சேர்ந்து கரைஞ்சுது. சிலருக்கு மண்டையோட்டு எலும்பு வரைக்கும் அரிச்சிடுச்சு. 1990-ல கம்பெனி திவால். 1990-91-ல எச்சரிக்கை, பறிமுதல், வெச்சவங்களைத் தேடிப்பிடிச்சுத் தகவல் சொல்ற வேலை. எடுத்தாலும் வலி போகாம பல பேர் திரும்பத் திரும்ப அறுவை பண்ணிக்கிட்டாங்க.

அவங்கள்ல பல பேரும் எங்க அக்கா மாதிரிதான் ஆரம்பிச்சிருப்பாங்க. வலி, "டக்" சத்தம், யாரும் சரியா காது கொடுத்துக் கேக்கல, புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு ஒருத்தர் நம்பிக்கையா சொன்னார். இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

இதுக்கப்புறம் மருத்துவ உலகம் ஒரு படி பின்வாங்கிச்சு. 1991-ல நிட்சான், டால்விக், மார்ட்டினெஸ் மூணு பேரும், ரெண்டு ஊசியை மூட்டுக்குள்ள விட்டு உப்புத் தண்ணியால கழுவினாலே பூட்டிக்கிட்ட வாய் பல பேருக்குத் திறக்குதுன்னு எழுதினாங்க. வட்டு பழைய இடத்துக்குப் போகல, ஆனாலும் வலி குறைஞ்சுது. வட்டு விலகினாலே வலிக்கும், அதைத் திருப்பி வெச்சாதான் தீரும்ங்கற நூறு வருஷ நம்பிக்கை ஆட்டம் கண்டது அப்பதான்.

சரி, "புதுசா வளரும்"ங்கற கனவு எங்க இருந்து வந்துச்சு? குருத்தெலும்பு ஒரு தடவை கெட்டா திரும்ப வராதுன்னு 1743-லயே லண்டன்ல வில்லியம் ஹன்டர் எழுதிட்டார். அதை முதல்ல பெரிய அளவுல அசைச்சுப் பார்த்தது 1994-ல சுவீடன்காரங்க. 23 பேரோட முழங்கால்ல இருந்து கொஞ்சம் குருத்தெலும்பு செல்லை எடுத்து, ஆய்வுக்கூடத்துல பெருக்கித் திரும்ப வெச்சாங்க. தொடை எலும்பு முனையில வெச்ச 16 பேர்ல 14 பேருக்கு நல்ல பலன். முட்டிச்சில்லுல வெச்ச 7 பேர்ல 2 பேருக்கு மட்டும்தான். இதைக் கொஞ்சம் யோசிங்க. அதே முழங்கால், அதே டாக்டர்கள், அதே முறை. நாலு விரக்கடை தள்ளி வெச்சதுக்கே இவ்ளோ வித்தியாசம். அப்ப முழங்கால்ல பலிச்சதைக் காட்டி, வேற மாதிரி குருத்தெலும்பு இருக்கற தாடைக்கு விக்கலாமா?

ரத்தத்துல இருந்து எடுக்கற பி.ஆர்.பி. ஊசி இருக்கே, அது உண்மையில தாடையிலதான் பேர் வாங்குச்சு. 1998-ல மயாமியில ராபர்ட் மார்க்ஸும் கூட இருந்தவங்களும், தாடை எலும்புல ஒட்டு வைக்கும்போது நோயாளியோட ரத்தத்தைச் சுழல வெச்சு, தட்டணு நிறைஞ்ச பகுதியைப் பிரிச்சுச் சேர்த்தா எலும்பு நல்லாப் பிடிக்குதுன்னு சொன்னாங்க. அது எலும்பு ஒட்டு. மூட்டுக்குள்ள போடறது அதுக்கப்புறம் வந்தது. மூட்டுத் தேய்மானம் ஸ்கேன்ல உறுதியானவங்களுக்கு இந்த ஊசி வலியைக் குறைக்குது, வாய் கொஞ்சம் கூடத் திறக்குதுன்னு சொல்ற ஆய்வுகள் இருக்கு. ஆனா ஆய்வுகள் சின்னது. ஒவ்வொரு இடத்துலயும் தயாரிக்கற முறை வேற, போடற அளவு வேற. வலி குறையறது ஒண்ணு, குருத்தெலும்பு வளர்றது இன்னொண்ணு. முதலாவதுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கு. ரெண்டாவதை மனுசத் தாடையில உறுதியாக் காட்டினவங்க இல்ல.

வட்டையே வளர்க்கற வேலையும் நடக்குது. 2018-ல கலிஃபோர்னியாவுல, விலா எலும்புக் குருத்தெலும்பு செல்லுல இருந்து திசு வளர்த்து, வட்டுல வெச்சுக் காயத்தை ஆத்திக் காட்டினாங்க. யாருக்கு? குட்டை ரகப் பன்றிகளுக்கு. நல்ல செய்திதான். ஆனா பன்றியில இருந்து அரூர் வரைக்கும் பஸ் இன்னும் விடல :-)

நம்ம பக்கம் இதுல பின்தங்கி இருக்கோம்னும் நினைக்காதீங்க. எங்க ஊர்க்காரங்க பெரிய வியாதின்னா ஓடற வேலூர் சி.எம்.சி.யில 1986-லயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை ஆரம்பிச்சிட்டாங்க. உண்மையான ஸ்டெம் செல் சிகிச்சைன்னா அதுதான், ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் உயிரைக் காப்பாத்தியிருக்கு. 2005-ல அங்கேயே மத்திய அரசோட உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியில ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் வந்துச்சு. அப்படி ஆராய்ச்சி பண்றவங்க பேசற விதமே வேற. "ஆய்வு நடக்குது, இன்னின்ன நோய்க்கு மட்டும்"னு அளந்து பேசுவாங்க. "வளர்ந்துடும்"னு அடிச்சுப் பேசறது விளம்பரப் பலகைதான்.

சட்டமும் தெளிவா இருக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அங்கீகரிக்கப்பட்ட ரத்த நோய்கள் மாதிரியான சிலதைத் தவிர, ஸ்டெம் செல்லை நோயாளிக்குப் போடறது ஆராய்ச்சி மட்டும்தான். பதிவு பண்ணின ஆய்வுக்குள்ளதான் போடலாம், அதுக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக்கூடாது. 2019-ல வந்த புதிய மருந்து விதிகள், செல்லுல இருந்து தயாரிக்கற பொருளையும் புது மருந்துன்னே சொல்லுது. 2022-ல பெங்களூரு கம்பெனி ஒண்ணோட ஸ்டெம் செல் மருந்துக்கு அனுமதி கிடைச்சுது, ஆனா அது முழங்கால் தேய்மானத்துக்கு. தாடைக்கு இல்ல. பி.ஆர்.பி. ஸ்டெம் செல் கிடையாது, அது வேற சமாச்சாரம். ரெண்டையும் "ரீஜெனரேட்டிவ்"ங்கற ஒரே கூடையில போட்டு விக்கறதாலதான் ஜனங்களுக்குக் குழப்பம்.

இவ்ளோத்தையும் வெச்சுக்கிட்டு அக்காகிட்ட நான் ஊசி நல்லதா கெட்டதான்னு சொல்லல. சில கேள்வி எழுதிக் கொடுத்தேன். அதை இங்கயும் போடறேன், யாருக்காவது உதவும்.

முதல் கேள்வி, வலி எங்க? தாடை வலின்னு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மெல்லற தசையிலதான் பிரச்சனை. கன்னத்தையும் நெத்திப்பொட்டையும் அமுக்கினா, "ஆங், இதே வலிதான்"னு சொல்றாங்களான்னு டாக்டர் கைவெச்சுப் பார்க்கணும். 2014-ல இருந்து இதுக்கு உலகம் பூரா ஒரே மாதிரி பரிசோதனை முறை இருக்கு. தசை வலிக்குக் குருத்தெலும்பு வளர்க்கறது, மாட்டுக்குக் காய்ச்சல்னா வண்டிக்கு மை போடற மாதிரி.

ரெண்டாவது, தேய்மானம்னு எதை வெச்சு சொன்னீங்க? அக்காவுக்கு ஸ்கேன் எடுக்கவே இல்ல. "டக்" சத்தத்தை வெச்சே சொல்லியிருக்காங்க. வலி இல்லாத வெறும் சத்தம் ஊர்ல நிறையப் பேருக்கு இருக்கும், அதுக்கு வைத்தியமே வேண்டாம். எலும்பு மாறியிருக்கான்னு சி.டி. மாதிரி படத்துலயும், வட்டு எங்க இருக்குன்னு எம்.ஆர்.ஐ.யிலயும் பார்க்கணும்.

மூணாவது, காரணம் இன்னும் அங்கேயே உக்காந்திருக்கா? ராத்திரி பல்லைக் கடிக்கறது, பகல்ல கவலையில தாடையை இறுக்கறது, ஒரே பக்கம் மெல்லறது. இது நடந்துக்கிட்டே இருந்தா, புதுசா வளர்ந்தாலும் அதுவும் தேயத்தானே செய்யும்?

நாலாவது, திருப்பிக்கக்கூடிய வைத்தியம் எல்லாம் பார்த்தாச்சா? 2023 டிசம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல, நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வந்துச்சு. அதுல பலமா சிபாரிசு பண்ணினது என்ன தெரியுமா? பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்துச் செய்யற தாடைப் பயிற்சி, கழுத்து நிலையைச் சரிபண்ற பயிற்சி, தசையில இறுகின முடிச்சைக் கையால தளர்த்தறது, வலியோட மனசைப் பழக்கற பேச்சு சிகிச்சை. மூட்டைக் கழுவறது, ஹையலுரானிக் அமிலம், போடாக்ஸ் மாதிரி பல ஊசிகளை வேண்டாங்கற பக்கம்தான் வெச்சிருக்காங்க. கடியை நிரந்தரமா மாத்தற பிளேட்டும் வட்டை வெட்டி எடுக்கறதும் கூடவே கூடாதுங்கற பட்டியல்ல.

அஞ்சாவது, ஊசி பலிக்கலன்னா அடுத்து என்ன, எத்தனை மாசத்துல தெரியும், எதை வெச்சு அளப்பீங்க? வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்குதுன்னு இன்னிக்கே எழுதி வெச்சாங்களா? அளக்காம ஆரம்பிக்கறவங்க முடிவையும் அளக்க மாட்டாங்க.

ஆறாவது, ஸ்டெம் செல்னு சொன்னா, ஆய்வுப் பதிவு எண் கொடுங்க. 2009-ல இருந்து இந்தியாவுல ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ.யில பதிவு பண்ணறது கட்டாயம், யாரு வேணா பார்த்துக்கலாம்.

அக்கா இந்தத் தாளை எடுத்துக்கிட்டு முதல்ல அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுக்குப் போச்சு. அங்க இருந்த டாக்டரம்மா பத்து நிமிஷம் கன்னத்தை அமுக்கிப் பார்த்து, வாயை ஸ்கேல் வெச்சு அளந்து, "ராத்திரி பல்லைக் கடிப்பீங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. மாமாதான் பதில் சொல்லியிருக்கார், "ரெண்டு வருஷமா எலி கொறிக்கற மாதிரி சத்தம் வருதுங்க"ன்னு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிதான் மாமா போட்ட போர் தண்ணி வராம கடன் ஏறினது. டாக்டரம்மா தசைவலின்னு சொல்லி, சூடான ஒத்தடம், மெல்லிசான சாப்பாடு, தினம் மூணு வேளை தாடைப் பயிற்சி, "உதடு மூடியிருக்கட்டும், பல்லு தொட வேண்டாம்"ங்கற ஒரு பழக்கம், இவ்ளோதான் கொடுத்தாங்க. மூணு மாசம் ஆச்சு. வலி முழுசாப் போகல. ஆனா முறுக்கு தவிர எல்லாம் சாப்பிடுது, காலையில வாய் இறுகறது இல்ல. சங்கிலி கழுத்துலதான் இருக்கு.

அக்காவுக்கு அந்த ஊசி பொருந்தாது. இது தெளிவு. ஆனா எல்லாருக்கும் பொருந்தாதுன்னு நான் சொல்லல. மூட்டுத் தேய்மானம் படத்துல உறுதியாகி, ஆறு மாசம் பயிற்சியெல்லாம் ஒழுங்காச் செஞ்சும் தீராம, "வலி குறையலாம், வளரும்னு உத்தரவாதம் இல்ல"ன்னு நேர்மையாச் சொல்ற ஒரு வாய் முக அறுவை மருத்துவர் கிடைச்சா, பி.ஆர்.பி. பத்திப் பேசறது தப்பில்ல. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல சென்னை மருத்துவக் கல்லூரியோட ஒரு பிரிவா ஆரம்பிச்சது. அந்த மாதிரி இடத்துல ரெண்டாவது கருத்து கேக்க பஸ் காசு மட்டும்தான் செலவு.

கடைசியா எங்க மாவட்டத்துக் கதை ஒண்ணு. மூட்டு இறுகறது எங்களுக்குப் புதுசு இல்ல. தர்மபுரிப் பாறைத் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி. பல்லு பழுப்பா இருக்கறது, முதுகு வளையாம மரக்கட்டை மாதிரி ஆகறது, இதெல்லாம் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. இந்தியாவுல இந்த நோயை முதல்ல அடையாளம் காட்டினது 1937-ல, பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம், ஷார்ட் தலைமையில நடந்த ஆய்வு. தாடை ஊசிக்காரர் ஷுல்ட்ஸ் எழுதின அதே வருஷம்! இறுகின முதுகெலும்பைத் திருப்ப இன்னிக்கு வரைக்கும் மருந்து கிடையாது. அப்ப என்ன பண்ணினோம்? தண்ணியை மாத்தினோம். 2008-ல அடிக்கல் நாட்டி, 2013-ல திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனோட சுமார் 1,900 கோடி ரூபாய் செலவு. அது யாரோட எலும்பையும் மறுபடி வளர்க்கல. ஆனா அடுத்த தலைமுறைப் புள்ளைங்க முதுகை வளைய வெச்சிருக்கு.

தீர்த்தத்தைக் கும்பிடற ஊர்ல, தண்ணியே நோய்க்குக் காரணமா இருந்ததை ஒத்துக்க எங்களுக்கே பல வருஷம் ஆச்சு. தாடையிலயும் அதே கணக்குதான். கெடுக்கறது எதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தறது முதல் வேலை. மிச்சம் வலி இருந்தா அப்புறம் வளர்க்கறதைப் பத்திப் பேசலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பழைய கதை பொறுக்கறவன். தாடை வலியோட நெஞ்சு இறுக்கம், வேர்வை, இடது கை வலி வந்தா அது இதயமா இருக்கலாம், இதையெல்லாம் படிச்சிட்டு உக்காராம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வீக்கம், காய்ச்சல், அடிபட்டதுக்கப்புறம் வாய் திறக்காம போறதுன்னாலும் அப்படியே. உங்க ஊர்ல தாடை நழுவினா கையால உட்கார வெக்கற பழைய வைத்தியர் யாராவது இருந்திருந்தா, பாட்டி தாத்தாகிட்ட கேட்டு ஒரு பதிவு போடுங்க சாமிங்களா. அந்த பாப்பிரஸ் கைப்பிடி நம்ம பக்கமும் இருந்துச்சான்னு தெரிஞ்சிக்க ஆசை.